வாகீசனின் இரண்டாவது மணிமுள்

நான் பக்கத்து ஊர் ஒஷாவாவைத் தாண்டிப் பயணம் போவதில்லை. விமானம் என்றால் எனக்குப் பயம். ஆனாலும் பயணிகளுக்கென்று சுவிஸ்காரன் செய்கிற மணிக்கூடுகளைத்தான் சேர்க்கிறேன். ஒரே முகப்பில் இரண்டு மணிமுள்: ஒன்று நிற்கிற ஊருக்கு, மற்றது வீட்டுக்கு. பக்கத்துப் பொத்தானை அமுக்கினால் முள் ஒரு மணித்தியாலம் தாவும். என் மனைவி செலீன் இதைப் பைத்தியம் என்பாள். அவள் கிழமை தவறாமல் பிங்கோவுக்குப் போகிறவள். அதை நான் ஒன்றும் சொல்வதில்லை.

தம்பி ராகுலன், பொலிஸ் அதிகாரியாக நீங்கள் கேட்பது வாகீசனைப் பற்றி. ஸ்காபரோவில் லொறிக் கம்பனி வைத்திருந்தவர், நல்ல மனிதர். அதை முதலில் பதிந்துகொள்ளுங்கள். நான் பல வருடமாகத் தேடிய மணிக்கூட்டை அவர் சூரிச்சில் விமானம் மாறுகிற இடைவெளியில் வாங்கிவந்தார். பக்கத்துக் கடையில் சொக்லேற்றும் வாங்கினாராம். இரண்டையும் ஒரே மூச்சில்தான் சொன்னார்.

அதைக் கட்டிக்கொண்டே நண்டுக்கறி தின்றார். பொத்தான் இடுக்கில் குழம்பு காய்ந்திருந்ததை என் கண்ணால் கண்டேன். வீட்டு முள்ளை யாழ்ப்பாண நேரத்துக்கு வைத்திருந்தார். அந்த முள் முழு மணித்தியாலமாகத்தான் தாவும். எங்கள் நாட்டு நேரமோ அரை மணியில் தொங்குகிறது. எடுத்துச் சொன்னேன்.

“அரை மணித்தியாலம்தானே அண்ணை, மனசிலை கூட்டிப் பாக்கிறன்,” என்றார்.

இப்படிப்பட்டவரோடு என்ன பேசுவது? விற்கச் சொல்லிக் கேட்டேன், சிரித்தார். பிறகு ஒரு பிறந்தநாள் விருந்தில் வந்து தோளில் கைபோட்டார்.

“மகள் மயூரியின்ரை கலியாணத்துக்கு முதல் இதைச் சுத்தி வைரக்கல்லுப் பதிக்கப்போறன், அண்ணை. பிளாசாவிலை எங்கடை நகைக்கடைக்காரர் செய்து தாறாராம். நல்லா மினுக்கிவிட்டா மாப்பிள்ளைக்கே குடுக்கலாம்.”

அன்றைக்கு நான் கேக் சாப்பிடவில்லை.

பனி கொட்டி ஓய்ந்த சனிக்கிழமை, ரூஜில் உள்ள என் வீட்டுக்குத் தேத்தண்ணி குடிக்க அவரைக் கூப்பிட்டேன். செலீன் பிங்கோவுக்குப் போயிருந்தாள். வந்தவரின் ஜக்கெற்றை நானே வாங்கிக் கொழுவினேன். குடித்து முடிந்ததும், நாரி பிடித்துவிட்டது, குனிய முடியவில்லை, வாசல் பனியால் கார் எடுக்க வழியில்லை என்றேன். அதற்குமேல் கேட்க வேண்டியிருக்கவில்லை.

“நீங்கள் இருங்கோ அண்ணை,” என்று ஜக்கெற்றை மாட்டிக்கொண்டு பனி அள்ளுகிற சவளை எடுத்துவிட்டார்.

போன வருடம் இருதயக் குழாயில் ஸ்ரென்ற் வைத்தவர். வாசலில் கிடந்ததோ நகரசபை வண்டி ஒதுக்கிவிட்டுப் போன ஈரப்பனி, கல்லு மாதிரி. மணிக்கூட்டைக் கழற்றாமலே வெட்டி அள்ளினார். ஒவ்வொரு குத்துக்கும் உள்ளே அந்தச் சின்னச் சில்லுகள் என்ன பாடுபட்டிருக்கும்? ஜன்னலில் நின்று பார்த்த எனக்கு நெஞ்சு வலித்தது.

உள்ளே வந்து படியில் இருந்தார். முகம் சாம்பல் பூத்திருந்தது. ஜக்கெற் பையைத் தடவினார். நாக்குக்குக் கீழே அடிக்கிற மருந்தை அதில்தான் வைத்திருப்பார். அது என் காற்சட்டைப் பைக்குள் இருந்தது, கொழுவும்போதே எடுத்துவிட்டேன்.

“அண்ணை, ஸ்பிறேயைக் காணேல்லை. அம்புலன்சுக்கு அடியுங்கோ.”

“அந்தரப்படாதையும் வாகீசன், வருகுது,” என்றேன். பக்கத்திலேயே இருந்தேன். அவரைத் தனியே விடவில்லை.

அவர் அடங்கிய பிறகு மணிக்கூட்டைக் கழற்றி, முன்கூட்டியே வரவழைத்து வைத்திருந்த போலியைக் கட்டினேன். வாரை அவர் வழக்கமாகப் போடுகிற துளையில்தான் போட்டேன். பிறகு அம்புலன்சுக்கு அடித்தேன். செத்தவீட்டில் இரண்டு வார்த்தை பேசச் சொன்னார்கள். பேசினேன், பலர் அழுதார்கள்.

அவர் மனைவி புனிதவதி, கணவரின் ஆசையாம் என்று, அந்தப் போலியை அதே நகைக்கடைக்காரரிடம் கல் பதிக்கக் கொடுத்திருக்கிறா. பின்மூடியைத் திறந்தவர், வில்லும் சில்லுமாய் ஓடவேண்டிய மணிக்கூட்டுக்குள் பற்றரியைக் கண்டார். சுவிஸ் மணிக்கூட்டில் துளைபோட ஒப்புக்கொண்ட ஒருவரிடம் பிடிபட்டதுதான் எனக்குக் கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது.

கொலை என்று எழுதியிருக்கிறீர்கள். அதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. களவு என்பதை மட்டும் வெட்டிவிடுங்கள். கடைசி நேரத்தில் வலது கையால் நெஞ்சைப் பொத்திக்கொண்டு, மணிக்கூடு கட்டிய இடது கையை அவராகத்தான் என்னிடம் நீட்டினார், விரல்களை விரித்து, என் முகத்தைப் பார்த்தபடி. உதவி கேட்கிற மனிதர் என்றால் வலது கையை அல்லவா நீட்டியிருப்பார்?