இருநூத்திப் பன்னெண்டு பக்க ஃபைல்

— அந்த ஃபைல் தொறக்கற சாஃப்ட்வேரையும் அழிச்சுப்போட்டீங்களா? ஏனுங்க, முந்தாநேத்து இந்தா ஒக்காந்திருக்கற எந்தங்கச்சி ரஞ்சிதா போன்ல சொல்லச் சொல்ல நானே போட்டதுங்க அது!

— ஓசின்னு சொல்லிப்போட்டு ஏழு நாளுதான் ஓடுமாமா ராசாத்தி. அப்பறம் காசு கேக்குமாமா. நமக்கெதுக்கு வம்பு?

— ஏழு நாளெல்லாம் இல்லீங்க மாமா, அது எப்பவுமே ஓசிதான். நீங்க வேற எதையோ பாத்திருக்கீங்க.

— அப்படியா அம்மிணி? போர் போடற ரிக்கு வண்டில பைப்பு எறக்கறவனுக்கு என்ன தெரியும்.

— அதுக்கு முந்தினது கனமா இருக்குது, லேப்டாப்பு கொதிக்குதுன்னு அழிச்சீங்க. அதுக்கும் முந்தினதுல ஒரே வெளம்பரம்னீங்க. எனக்கு ஒரு எழவும் வெளங்கலீங்க! போன்ல தொறந்தா பாதில நின்னு போகுது. நாளைக்கு அஞ்சு மணியோட ஆட்சேபணை குடுக்கற கெடு முடியுது. பைபாஸ் ரோட்டுக்கு நம்ம கெணத்தையும் ஊட்டையும் எடுக்கறாங்களா இல்லியான்னு சர்க்காரு குடுத்த ஃபைலைத் தொறந்தாத்தானுங்க தெரியும்?

— பொறு அக்கா, அதுக்குத்தான நானே பஸ் ஏறி வந்தேன். பழைய லேப்டாப்பு, இருநூத்திப் பன்னெண்டு பக்கமும் ஸ்கேன் பண்ணுனது. லேசான சாஃப்ட்வேருதான் இதுக்கு ஆகும். மஞ்சப் படம் போட்டது ஒண்ணு இருக்குது. வெளம்பரம் வராது, மெயில் கேக்காது.

— வைரஸா இருந்துட்டா?

— அதெல்லாம் இல்லீங்க மாமா.

— காலைல மாரியாத்தா கோயில்ல பூ வாக்கு கேட்டேன் ராசாத்தி. வெள்ளரளி வந்தா போடலாம், செவ்வரளி வந்தா வேண்டாம்னு ரெண்டு பொட்டலம். செவப்புத்தான் வந்துச்சு.

— கல்யாணத்துக்குப் பூ கேப்பாங்க, போர் போடப் பூ கேப்பாங்க. சாஃப்ட்வேருக்குமா ஆத்தா வாக்கு குடுப்பா?

— குடுத்தாளே! மூணு தடவ கேட்டேன், மூணு தடவையும் செவப்பு.

— எந்தச் சாஃப்ட்வேருன்னு சொல்லிக் கேட்டீங்க மாமா?

— பேரெல்லாம் சொல்லல அம்மிணி. பொதுவாத்தான்.

— பொதுவா ஒரு வாக்கா? ரஞ்சிதா, நீ போடு சாமி. ஆத்தா கோவிச்சா நான் மாவிளக்கு எடுத்துக்கறேன்.

— இன்னிக்கு வேண்டாம் ராசாத்தி. அமாவாச கழியட்டும்.

— அது போன வாரமே கழிஞ்சுதுங்க! ஏனுங்க உங்களுக்கு இப்படி வேர்க்குது? ஃபேன் போடட்டுங்களா?

— ஏறிக்கிச்சுக்கா! பாரு, வெரல எடுக்கறதுக்குள்ள தொறந்துருச்சு. நம்ம சர்வே நம்பரு என்ன?

— எரநூத்தி நாப்பத்தேழு பார் மூணு. வரக்கூடாது ஆத்தா, அதுல வரக்கூடாது...

— நூத்தி எம்பதாம் பக்கம். வந்திருக்குதுக்கா. கெணறு, ஊடு, ரெண்டும்.

— அழுவாத ராசாத்தி.

— நான் எதுக்குங்க அழுவறேன்? வவுறு எரியுது, அவ்வளவுதான். நாளைக்கு வரைக்கும் நேரம் இருக்குது, ரெண்டு பேரும் போயி எழுதிக் குடுத்துப்போடலாம். ரஞ்சிதா, அடியில என்னமோ இருக்குதே, படி.

— "நில உரிமையாளருக்கு ஆட்சேபணை இல்லை"ன்னு போட்டிருக்குது. தேதி, போன மாசம் பதினொண்ணு.

— நம்மளக் கேக்காம எவன் எழுதுனான் இத? இன்னுங் கொஞ்சம் பெருசு பண்ணு... ஏனுங்க, இது உங்க கையெழுத்துங்களே!