இரண்டாவது பீஸ்

இந்த டீயை ஏட்டையாவிடம் கொடுத்துவிடுங்கள் ஐயா, நான் காலையில் டீ குடிப்பதில்லை. ஆறிப்போனால் வீண். ஒருத்தர் பாடுபட்டுச் செய்தது வீணாய்ப் போவது எனக்குச் சின்ன வயதிலிருந்தே ஆகாது.

திருமுக்கூடல் பக்கம் செங்கல் சூளையில் கல் அறுத்த குடும்பம் எங்களுடையது. பன்னிரண்டு வயது வரை நானும் மண் மிதித்தேன். ஒரு நாள் சாயங்கால மழையில், அறுத்து அடுக்கிய நாலாயிரம் பச்சைக்கல்லும் கரைந்து சேறாகிவிட்டது. மறுநாள் அம்மா அந்தச் சேற்றையே மறுபடி மிதித்தாள்.

உத்திரமேரூரில் மாடி அறை பிடித்து பிரவுசிங் சென்டர் வைத்தது 2004இல். 'கோட்டை' விளையாட்டை எழுதியதும் அங்கேதான். இன்டர்நெட் பக்கத்தைத் திறந்தால் போதும். ஊர் கட்டலாம், நெல் விளைக்கலாம், மதில் எழுப்பிப் பக்கத்து ராஜாவோடு சண்டை போடலாம். சர்வர் என்று பெரிதாக நினைக்காதீர்கள், என் மேசைக்கடியில் இருந்த பெட்டிதான். முதலில் ஒவ்வொரு சொடுக்குக்கும் அது ஒரு கோப்பைத் திறந்து எழுதி மூடும். நாற்பதாவது ஆள் வந்ததும் திணறியது. டேட்டாபேஸுக்கு மாற்றினேன், நானூறு பேரைத் தாங்கியது. மலேசியா, துபாய் என்று ஆயிரத்தைத் தாண்டியபோது அதுவும் போதவில்லை. எல்லோருடைய ஊரையும் மெமரியிலேயே வைத்து, அரை மணிக்கு ஒருமுறை மட்டும் டிஸ்க்கில் எழுதும்படி செய்தேன். பிறகு ஒருவரும் காத்திருக்க வேண்டியதில்லை. ஆனால் நடுவில் கரண்டு போனால், அந்த அரை மணியில் ஆயிரம் பேர் கட்டியது மொத்தமும் போய்விடும். பச்சைக்கல் மாதிரி.

அதற்காகத்தான் யுபிஎஸ்ஸும் பின்வாசலில் ஒரு ஜெனரேட்டரும். ஜெனரேட்டருக்கு மாற்றிவிடுகிற சுவிட்ச் எரிந்துபோனதால், அதன் வயரை வீட்டு லைனிலேயே நேராகச் சேர்த்திருந்தேன். அப்படிச் சேர்த்தால், முன்பக்கம் படிக்கட்டுக்குக் கீழே இருக்கிற மெயின் பீஸ் கட்டையைப் புடுங்கிவிட்டுத்தான் ஜெனரேட்டரைப் போட வேண்டும். இல்லாவிட்டால் கரண்டு திரும்பி வெளியே கம்பத்துக்குப் போகும். இதை எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் எல்லப்பன் மாமா. கரண்டு ஆபீஸில் கான்ட்ராக்ட் வேலை பார்த்தவர். எங்கள் காலனிதான், முறைக்கு மாமா.

2007 மே மாதம் வோல்டேஜ் இறங்கி இறங்கி ஏறியது. கம்பத்து இணைப்பை மாற்றித்தரச் சொல்லி நான்தான் அவரைக் கூப்பிட்டேன். செவ்வாய்க்கிழமை பத்தரைக்கு ஏணியோடு வந்தார். பதினொரு மணிக்கு விளையாட்டில் ஒரு பெரிய சண்டை இருந்தது. இரண்டு பக்கமும் மூன்று வாரமாகப் படை சேர்த்திருந்தார்கள். அது முடிந்து வைத்துக்கொள்ளலாமா என்று சன்னலிலிருந்து கேட்டேன். அவர் சிரித்தார்.

"உன் கோட்டை அரை அவரு இருட்டுல கெடந்தா இடிஞ்சா பூடும், ராஜா? எனக்கு இன்னும் நாலு கம்பம் கீது. வூட்டுப் பீஸைப் புடுங்கிட்டியா?"

"புடுங்கிட்டேன் மாமா."

"எங்க, காட்டு."

வெள்ளைப் பீங்கான் பீஸைத் தூக்கிக் காட்டினேன்.

"ஜோபுலயே வச்சிக்கினு இரு. நான் எறங்கி வந்து கேக்கற வரிக்கும் எவனுக்கும் குடுக்காத."

தெருமுனை டிரான்ஸ்பார்மரில் புடுங்கின பீஸ்களை அவர் தன் இடுப்புப் பையில் போட்டுக்கொள்வார். ஏறுகிறவன் உயிர் ஏறுகிறவன் மடியிலேயே இருக்க வேண்டும் என்பது அவர்கள் வழக்கம். எங்கள் வீட்டுப் பீஸை மட்டும் என்னிடம் விட்டுவிட்டு டிரான்ஸ்பார்மருக்குப் போனார்.

அவர் கம்பத்தில் எப்படிச் செத்தார் என்பது உங்கள் கோப்பில் இருக்கிறது. எதிர்க்கடை டெய்லர் சாமுவேல் இன்வர்ட்டர் வைத்திருந்தார். அதிலிருந்துதான் கரண்டு திரும்பியது என்று தெருவே சொன்னது. நான் பீஸைச் சட்டைப் பையிலிருந்து எடுத்து அன்றைய இன்ஸ்பெக்டரிடம் காட்டினேன். என்னை நாற்காலியில் உட்காரச் சொன்னார். சாமுவேல் இரண்டு வருடமாகக் கோர்ட்டுக்கு நடக்கிறார். கடையை மூடிவிட்டார், இப்போது சவுக்கு வெட்டப் போவதாகக் கேள்வி.

நான் சன்னலில் காட்டியது மேசை டிராயரில் கிடந்த இன்னொரு பீஸ், ஐயா. வீட்டுப் பீஸ் அதன் இடத்திலேயே இருந்தது. யுபிஎஸ் பேட்டரி அந்த மாதம் ஒரு நிமிடம்தான் தாங்கியது. முன்பக்கம் பீஸைப் புடுங்கிவிட்டு, சந்து சுற்றிப் பின்னால் போய்க் கயிறு இழுத்து ஜெனரேட்டரை ஓட்ட இரண்டு நிமிடம் ஆகும். எப்படிப் பார்த்தாலும் இடிக்கிறது. அதனால் மின்விசிறி நின்றதும் நேராகப் பின்னால் ஓடினேன். அவர் நடந்து வந்து ஏறுவதற்குள் பீஸைப் புடுங்கிவிடலாம் என்றுதான் நினைத்தேன். அதற்கு முன் சர்வர் உயிரோடு இருக்கிறதா என்று மேலே போய்ப் பார்த்தேன். இருந்தது. ஆயிரத்து நூற்று நாற்பது பேர். பார்த்துக்கொண்டே இருந்துவிட்டேன்.

திரும்பியபோது சன்னல் வழியே அவர் தெரிந்தார். வயரைப் பிடித்த கை விடவில்லை. பத்து ஐம்பத்தாறு. பீஸைப் புடுங்கினால் கை விட்டிருக்கும். ஆனால் கரண்டு வெளியேயும் போன பாரத்தில் ஜெனரேட்டர் திணறி ஓடிக்கொண்டிருந்தது. சட்டென்று பாரம் குறைந்தால் வோல்டேஜ் எகிறி சர்வர் போய்விடும். பதினொன்றுக்கு டிஸ்க்கில் எழுதும். நாலு நிமிடம். எழுதி முடித்ததாகத் திரையில் வந்த பிறகு இறங்கிப் போய்ப் பீஸைப் புடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். அவர் சொன்னபடியே, இன்ஸ்பெக்டர் கேட்கிற வரை யாரிடமும் கொடுக்கவில்லை.

இரண்டு வருடம் ஏன் பேசாமல் இருந்தாய் என்று கேட்டீர்கள். ஆட்கள் விளையாடிக்கொண்டிருந்தார்கள், ஐயா. நான் உள்ளே வந்துவிட்டால் யார் பார்ப்பது? இப்போது வெளிநாட்டில் வாடகைக்குச் சர்வர் கிடைக்கிறது. அங்கே கரண்டே போகாதாம். புதுப்புது விளையாட்டுகள் வந்துவிட்டன. என்னிடம் ஒன்பது பேர்தான் மிச்சம். நேற்று சாயங்காலம் மூடிவிட்டேன்.

அந்த ஒன்பது பேருக்கும் ஒரு வாரம் முன்பே தகவல் கொடுத்தேன். உள்ளே ஆள் இருக்கும்போது சொல்லாமல் எதையும் செய்யக் கூடாது. அந்த விஷயத்தில் நான் எப்போதும் கண்டிப்பு.