பீரோ சாவி

என் கையெழுத்து நன்றாக இருக்கும். மாட்டுங்காவில் எங்கள் கட்டடத்தில் கல்யாணப் பத்திரிகை உறைகளுக்கு விலாசம் எழுத என்னிடம்தான் வருவார்கள். அதனால்தான் ராக்கெட் கிளப்பின் தவறு நோட்டும் என் பொறுப்புக்கு வந்தது.

கிளப் என்றால் மூன்றே பேர். ஷிப்பிங் கம்பெனி குமாஸ்தாவான நான், வேங்கடசுப்ரமணியன். தாராவியில் லேத் பட்டறை வைத்திருந்த சிராஜ். செம்பூரில் ஸ்டேஷனரிக் கடை வைத்திருந்த பிரம்மநாயகம். ஞாயிறு காலைகளில் வடாலா உப்பளத்துப் பக்கம் போய், அட்டைக் குழாயில் செய்த முழங்கை நீள ராக்கெட்டுகளை விடுவோம். பாதி கோணிக்கொண்டு போகும். மீதியில் பாராசூட் விரியாது. எது தவறினாலும், செய்தவரே வாய்விட்டுச் சொல்ல வேண்டும். நான் எழுதுவேன், அவர் கீழே கையெழுத்துப் போடுவார். இருபத்தாறு தவறுகள் அப்படி எழுதினோம். என்னுடையவை நான்கு, எல்லாம் சில்லறைத் தவறுகள்.

விதிகளை வகுத்ததும் நான்தான். முக்கியமானது சாவி விதி. பொத்தான் பெட்டியில் சாவி இருந்தால்தான் ராக்கெட்டுக்குக் கரண்ட் போகும். ராக்கெட் கிளம்பாவிட்டால், பொத்தானை அழுத்தியவர் சாவியை உருவித் தலைக்கு மேல் உயர்த்திக் காட்ட வேண்டும். அதைப் பார்த்த பிறகே மற்றவர் ராக்கெட்டின் அருகில் போகலாம். ஒருமுறை பிரம்மநாயகம் உருவ மறந்துவிட்டார். அந்த விதியை மூன்று தடவை உரக்க வாசிக்கச் சொன்னேன். ஐம்பது வயது மனிதர், பள்ளிப் பையனைப் போல நின்று வாசித்தார்.

அடுத்த மாதம், எண்பத்தாறு பிப்ரவரி. சிராஜ் நான்கு மாதம் உழைத்துச் செய்த ராக்கெட். பொத்தானை அழுத்தினேன், கிளம்பவில்லை. நேரத்தைக் குறித்துக்கொள்ள, நோட்டு இருந்த கொட்டகைப் பக்கம் போய்விட்டேன். பிரம்மநாயகம் பாராசூட் விழும் இடம் பார்த்துத் தொலைவில் முதுகைக் காட்டி நின்றார்.

"ஒயர் கிளிப்பு கழண்டிருக்கும் போல. சாவிய எடுத்துட்டியளா சார்?" என்று சிராஜ் கேட்டான்.

பையில் கைவிட்டு ஒரு சாவியை எடுத்து உயர்த்திக் காட்டினேன். அவன் நடந்தான்.

அது என் வீட்டுப் பீரோ சாவி. எடுக்கும்போதே தெரியும். பெட்டிச் சாவி பெட்டியில்தான் இருந்தது. மறந்துவிட்டேன் என்று சொல்ல வெட்கமாக இருந்தது. அவன் போய்ச் சேர்வதற்குள் சத்தமில்லாமல் உருவிவிடலாம் என்று நினைத்தேன். பெட்டிக்கு எனக்கு இருபது தப்படி, ராக்கெட்டுக்கு அவனுக்கு முப்பது. ஓடினால் அவனுக்குத் தெரிந்துவிடும் என்று சாவதானமாக நடந்தேன். கிட்டே வந்தபோது, பெட்டியில் பதித்திருந்த, உப்புக் காற்றில் துருவேறிய காலிங்பெல் பொத்தான் அழுந்தியபடியே சிக்கிக் கிடந்தது. அவன் குனிந்துகொண்டிருந்தான். தொடாதே என்று ஒரு சொல் போதும். அதையும் சொல்லவில்லை. நான் சாவியைப் பிடிப்பதற்குள் அவன் கிளிப்பை மாட்டிவிட்டான்.

இரண்டு கண்ணும் போய்விட்டன.

எட்டாம் நாள் ஆஸ்பத்திரியில், "நீங்க சாவியக் காட்டினாப்ல எனக்கு ஞாபகம் சார்" என்றான்.

"இல்ல சிராஜ். நான் காட்டறதுக்குள்ள நீ போயிட்டே."

நோட்டில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டான். வாசித்தேன். தவறு இருபத்தேழு: சிராஜ், சாவியைப் பார்க்காமல் ராக்கெட்டின் அருகில் போனார்.

"நோட்டுல இருந்தா சரியாத்தான் இருக்கும். அப்ப என் கண்ணு போறதுக்கு முன்னாடியே தப்பாப் பாத்திருக்கு சார்" என்றான். அவன் விரலைப் பிடித்து இடம் காட்டினேன். கையெழுத்துப் போட்டான்.

கிளப் அத்தோடு முடிந்தது. பிரம்மநாயகமும் கடையை விற்றுவிட்டு ஊருக்குப் போய்விட்டார். நான் மட்டும் மூன்று வருடமாக ஞாயிறு தவறாமல் சிராஜ் வீட்டுக்குப் போகிறேன். அவன் மனைவி சபுரா, சாரைப் போல யார் வருவார்கள் என்று சொல்லிக்கொண்டே டீ கொண்டுவந்து வைப்பாள். அவன் இருபத்தேழை வாசிக்கச் சொல்வான். எந்த இடத்தில் புத்தி பிசகியது என்று அவனுக்குத் தெரிய வேண்டும். நான் தடங்கலில்லாமல் வாசிப்பேன். வெளியே வந்ததும் உடம்பெல்லாம் கூசும். என்னைப் போல ஒரு ஈனன் உண்டா என்று கேட்டுக்கொண்டே ஸ்டேஷனுக்கு நடப்பேன். அடுத்த ஞாயிறும் போய் அதையே வாசிப்பேன்.

போதும் என்று தோன்றிவிட்டது. இன்று நோட்டில் இருபத்தெட்டாவது தவறாக இதையெல்லாம் எழுதி, கீழே என் பெயரைத் தெளிவாகப் போட்டிருக்கிறேன். நாளைக்கு நோட்டை சிராஜ் கையிலேயே கொடுத்துவிடப் போகிறேன். உரியவனிடம் ஒப்படைத்துவிட்டால் என் பாரம் இறங்கிவிடும். சபுரா அதைப் பத்திரமாக வைத்துக்கொள்வாள். அவள் பம்பாயிலேயே பிறந்து உருதுப் பள்ளிக்கூடத்தில் படித்தவள். தமிழ் நன்றாகப் பேசுவாள், வாசிக்க வராது.