மழை இல்லாத ஊருக்குப் போக இருந்தவன்

முதல் ஆட்டத்தன்று மேசையைச் சுற்றி இருந்தவர்கள் நான்கு பேர்: ரோடெல், மாரிகார், எஃப்ரன், கதை சொல்லும் நான். மாரிகார் பன்தேசால் ரொட்டி வாங்கி வந்திருந்தாள். காப்பிக்குச் சர்க்கரை இல்லை. யாரும் குறை சொல்லவில்லை. மூவரும் கால் சென்டரில் இரவு வேலை முடித்து நேராக வந்திருந்தார்கள். நானும் அங்கேதான் வேலை பார்த்தேன், விட்டுவிட்டேன். அதற்கு முன் கல்லூரியை விட்டேன். சனிக்கிழமைக் காலை ஆட்டத்தை மட்டும் விடவில்லை.

ஐயா, இந்த ஆட்டம் புரியவில்லை என்றீர்கள். நான் ஒரு கதையைச் சொல்லிக்கொண்டே போவேன். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாக இருந்து, என்ன செய்கிறோம் என்று சொல்வார்கள். அது பலிக்குமா என்பதை இருபது முகப் பகடை சொல்லும், எண் பெரிதாக விழுந்தால் பலிக்கும். என் பகடையை மட்டும் ஓர் அட்டைத் தடுப்புக்குப் பின்னால் உருட்டுவேன். என்ன விழுந்தது என்று நான் சொல்வதை எல்லோரும் நம்புவார்கள்.

தொடங்கும்போதே, கதையில் எது வரக்கூடாது என்று ஒவ்வொருவரையும் கேட்பது வழக்கம். எஃப்ரன் கரப்பான்பூச்சி என்றான், சிரித்தோம். ரோடெல் வெள்ளம் என்றான். மரிகினா ஆறு பெருகியபோது கூரைமேல் நின்று தம்பியின் கையைப் பிடித்திருந்தானாம். பிடி நழுவிவிட்டது. மேசை நடுவில் ஒரு சிவப்பு அட்டையும் இருக்கும். தாங்க முடியாத இடம் வந்தால் அதைத் தொட்டால் போதும். காரணம் கேட்காமல் கதையைத் திருப்பிவிட வேண்டும்.

சில வருடங்கள் இதையெல்லாம் மதித்தேன். பிறகு ரோடெலுக்குத் துபாயில் ஓட்டல் வேலை கிடைத்தது.

"அங்க மழையே கிடையாதாம், கூயா," என்றான். நான் மூத்தவன், அண்ணனை எங்கள் ஊரில் அப்படித்தான் கூப்பிடுவார்கள். "என் குடையை உனக்கே விட்டுட்டுப் போறேன்."

"அந்த ஓட்டைக் குடையையா? பெரிய வள்ளல்டா நீ," என்றாள் மாரிகார்.

"கதையில என் வீரனை நல்லபடியா சாகடிச்சிரு கூயா. நான் இல்லாம அவன் அநாதையா அலையக்கூடாது."

சரி என்றேன். ஆனால் யோசித்துப் பாருங்கள். ரோடெல் போனால் எஃப்ரன் தன் குழந்தைக்குக் காய்ச்சல் என்பான். மாரிகாருக்குத் தூக்கம் வரும். பிறகு அந்த மேசையில் நான் மட்டும் உட்கார்ந்திருக்க வேண்டும். கோபத்தில் சொல்லவில்லை. கோபப்படும் தெம்பு எனக்கு இல்லை.

அதனால் அடுத்த வாரம் கதையில் மழை பெய்தது. அதற்கடுத்து ஆறு வந்தது. ரோடெல் அட்டையைத் தொட்டான். உடனே கதையைத் திருப்பினேன். அக்கறையாக ஒன்று கேட்கவும் செய்தேன்.

"என்னடா, முடியலையா? கொஞ்சம் தண்ணி குடிக்கிறியா?"

எஃப்ரன் சிரித்துவிட்டான். "ஆத்துக்கே இப்படின்னா கடலைத் தாண்டி எப்படிடா போவ? பிளேன்ல எவனாவது குழாயைத் திறந்தா அட்டையைத் தேடுவியா?"

ரோடெலும் சிரித்தான். அதன்பிறகு அவன் கை அட்டைப் பக்கம் போகும், பாதியில் திரும்பிவிடும். காரணம் கேட்கக்கூடாது என்பதுதான் விதி. நான் கேட்டது காரணம் இல்லை, நலம்.

கடைசிச் சனிக்கிழமை வெள்ளம் வந்தது. அவனுடைய வீரன் கூரைமேல் ஒரு சிறுவனின் கையைப் பிடித்திருந்தான். தடுப்புக்குப் பின்னால் உருட்டினேன். பத்தொன்பது விழுந்தது, சிறுவன் பிழைத்திருக்க வேண்டும். "ரெண்டு," என்றேன். "கை நழுவிருச்சு."

"போதும் கூயா, நிறுத்து," என்றாள் மாரிகார்.

நிறுத்தினேன். ஆனால் ரோடெல் மேசை விளிம்பைப் பிடித்த பிடியை விடவில்லை. எஃப்ரன் ஒவ்வொரு விரலாகப் பிரித்தெடுத்தான். மாரிகார் ரோடெலை ஜீப்னி வண்டியில் ஏற்றிக்கொண்டு போனாள்.

விமானத்துக்கு முந்தின மாலை, பெட்டியோடு அவனே என் அறைக்கு வந்தான். தூங்கி நாளாகியிருந்தது, முகமே சொன்னது.

"கடைசி ஆட்டத்தைக் கெடுத்துட்டேன். மன்னிச்சிரு கூயா."

பரவாயில்லை என்றேன். வெளியே தூறல். என் ஜன்னலில் பக்கத்துக் கட்டிடத்தின் சுவர்தான் தெரியும். இரவில் கீழே போய் வந்து, தெருவெல்லாம் முங்கிவிட்டது, விமான நிலையத்தையும் மூடிவிட்டார்கள், கொஞ்சம் படு என்றேன். சார்ஜ் போடுகிறேன் என்று அவன் போனை வாங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன். அவன் நம்பினான். என் வாயால் சொல்லும் வெள்ளத்தை நம்பிப் பழகியவன்தானே.

விமானம் போய்விட்டது. அதை நான் சொல்லவில்லை. தண்ணீர் எந்தப் படிவரை ஏறியிருக்கிறது என்று மட்டும் தினமும் சொன்னேன். அடுக்குக் கட்டிலின் மேல்தட்டுக்கு ஏறியவன் கீழே கால் வைக்க மறுத்துவிட்டான். சோற்றை மேலே நீட்டுவேன். வெளியே நல்ல வெயில். கடைக்குப் போய்த் திரும்பும்போது மாடிப்படிக் குழாயில் முழங்கால்வரை நனைத்துக்கொண்டுதான் உள்ளே போவேன். மாலையில் இருவருமாக ஆடினோம். அவன் ஓர் ஆட்டத்தைக்கூடத் தவறவிடவில்லை. நேற்று உங்கள் ஆட்கள் தூக்கிக்கொண்டு இறங்கும்போதும் அவன் காலை மடக்கியே வைத்திருந்தான்.

அவனை நான் அடைத்து வைத்ததாக மாரிகார் புகார் கொடுத்திருக்கிறாள். அதை மட்டும் திருத்தி எழுதிக்கொள்ளுங்கள். முதல் தடவை அரிசி வாங்கக் கிளம்பியபோது அவன் கட்டிலில் இருந்து சொன்னான்: "கதவை நல்லா சாத்திட்டுப் போ கூயா. தண்ணி உள்ள வந்திரும்."

அவன் கேட்டதால்தான் சாத்தினேன். வெளியே நின்று பூட்டையும் போட்டேன்.