நம் பசுமை, நம் பெருமை

— கையெழுத்துப் போடுறதுக்கு முன்னாடி படிச்சுக் காட்டணுமா? நான் இந்தக் குடியிருப்புச் சங்கத்துக்குச் செயலாளர்ப்பா, எமன் இல்ல.

— எமன் கையெழுத்தெல்லாம் கேக்க மாட்டான் சார். படிங்க.

— "நம் வளாகத்தின் கம்பியில்லா இலை ஊதி உறிஞ்சும் இயந்திரமானது, சுற்றுச்சூழலின்பால் சங்கம் கொண்டுள்ள பேரன்பின் காரணமாக மின்கழிவு மையத்தில் முறைப்படி ஒப்படைக்கப்பட்ட நிலையில், தோட்டக்காரனாகிய நான், என் அறியாமையால், அதன் பேட்டரியைச் சமையல் குப்பையில் இட்டுவிட்டேன்."

— பேரன்பு வரைக்கும் சங்கம். அறியாமைல இருந்து நானா?

— குத்தல் பேச்சு வேண்டாம். குப்பை லாரி எரிஞ்சிருக்கு. போலீஸ்ல ஒரு பேர் கேக்குறாங்க.

— லாரி போனாப் போகுது சார். குப்பை ஏத்துற அக்காவுக்கு ரெண்டு கையும் போச்சு. காலைல ஆஸ்பத்திரில பாத்தேன். டம்ளரை நான்தான் வாய்ல வெச்சுக் குடுத்தேன். எந்த வீட்டுப் பை தம்பி அதுன்னு கேட்டுச்சு.

— நீ என்ன சொன்ன?

— தெரியலன்னேன். அதுக்கே தெரிஞ்சிருக்கு. எரிஞ்ச பேட்டரித் துண்டுல நீங்க எல்லாத்துலயும் ஒட்டுற 'நம் பசுமை, நம் பெருமை' ஸ்டிக்கர் பாதி மிச்சம் இருந்துச்சாம். பசுமை கருகிப் போச்சு, பெருமை மட்டும் இருக்காம்.

— அதுக்குத்தான் இந்தக் கடுதாசி. மோட்டார் ரூம் பக்கத்துல எட்டு வருஷமாக் குடும்பத்தோட இருக்க. வாடகைன்னு வாயைத் தொறந்தோமா? நம்மெல்லாம் ஒரே குடும்பம், புரியுதா?

— புரியுது சார். போட்டா ஜெயில், போடலைன்னா தெரு.

— ஜெயில் வரைக்கும் போகாது. நல்ல வக்கீலா வெப்போம்.

— அந்த மெஷினை நாம என்ன பாடு படுத்தினோம்னு யோசிச்சுப் பாருங்க. பைல சேந்த தூசியத் தட்டு, காஞ்ச துணியால தொடை, தண்ணி காட்டாதன்னு அட்டைலயே போட்டிருந்துச்சு. விருது குடுக்க நடுவருங்க வர்றாங்கன்னு பேட்டரியைக்கூடக் கழட்ட விடாம குழாயடில குளிப்பாட்ட வெச்சீங்க.

— பளபளன்னு இருந்துச்சா இல்லையா? விருது வந்துச்சா இல்லையா?

— வந்துச்சு. கூடவே ரெண்டு பேட்டரில ஒண்ணு கெட்டுப் போச்சு. வெளிய பாத்தா ஒண்ணும் தெரியாது, சும்மா வெச்சாலே சுடும். சிவப்புல அபாயம்னு எழுதி ஒட்டினேன். பிய்ச்சுப் போட்டீங்க.

— பசுமை வளாகத்துல சிவப்புக்கு என்ன வேலை? வந்தவங்க கண்ணு நேரா அதுலதான் போய் நிக்கும். அதுக்குத்தான ஒரு பெட்டி பச்சை டேப் வாங்கிக் குடுத்தேன்?

— குடுத்தீங்க. அன்னிலேருந்து எனக்கு எல்லாமே பச்சைதான். போன வாரம் லீவுல போறப்ப படிச்சுப் படிச்சுச் சொன்னேன் சார். பழைய மின்சாமான் வாங்குற எடத்துல மெஷினோட ரெண்டு பேட்டரியையும் சேத்துக் குடுத்துடுங்க, அவங்க பாத்துக்குவாங்கன்னு.

— மெஷினைக் குடுத்தேன்ல. போட்டோ பதினாலு இருக்கு.

— பேட்டரி போட்டோவுல தெரியாதுன்னு விட்டுட்டீங்க.

— வாயை மூடு. நல்ல பேட்டரியை யாராவது சும்மாத் தூக்கிக் குடுப்பானா? கெட்டதைக் குப்பைல போட்டேன், நல்லதை வீட்டுக்கு எடுத்துட்டுப் போனேன். இதுக்குப் பேர் சிக்கனம்.

— அப்பக் குப்பைல போட்டது நீங்க. எழுதியிருக்கிறது என் பேரு.

— நமக்குள்ள சொன்னேன். நாலு சுவத்துக்கு வெளிய போகக் கூடாது, புரியுதா? உம் பொண்டாட்டி ரெண்டாவது மாடி கூட்டுறா. புள்ளைங்க இங்கேருந்துதான் ஸ்கூலுக்குப் போகுது. யோசிச்சுக்க.

— யோசிக்க என்ன இருக்கு. குடுங்க. எங்க போடணும்?

— இங்க. கீழ தேதி. தங்கமானவன்ப்பா நீ. வேலையும் சுத்தம். அந்தப் பேட்டரி வாய்ல டேப் ஒட்டிப் பொத்தி வெச்சிருந்த பாரு, குழந்தையப் போத்தி வெச்ச மாதிரி. பாத்ததுமே தெரிஞ்சுக்கிட்டேன், எது நல்லதுன்னு.

— டேப் ஒட்டினதையா வீட்டுக்கு எடுத்துட்டுப் போனீங்க?

— பின்ன? அதே பேட்டரில ஓடுற சின்ன ஃபேன் ஒண்ணு பேத்திக்கு இன்னிக்குத்தான் வந்துச்சு. டேப்பைப் பிரிச்சுட்டு, அவ கட்டிலுக்கு அடில சார்ஜ் போட்டுட்டு வந்தேன். மத்தியானத் தூக்கம், எழுந்துடப் போறான்னு கதவையும் சாத்திட்டேன். என்னப்பா, தேதி போடு.

— சார், பேப்பரை விடுங்க, ஓடுங்க. லாரில நசுங்கி வெடிச்சதுதான் நல்ல பேட்டரி. சிவப்பு கூடாதுன்னீங்கன்னு, சுடுற பேட்டரிக்குத்தான் பச்சை ஒட்டி வெச்சேன்.