ஒரு ‘ப்’ செய்த வேலை

இளம் கவிஞர்களே, காலையிலிருந்து உங்கள் கவியரங்கத்தைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். எல்லோருக்கும் கடல் நீலமாக இருக்கிறது. எல்லோருக்கும் அலை கரையை முத்தமிடுகிறது... அந்தக் கரைக்கு வேறு வேலையே இல்லையா என்று நான் கேட்கப் போவதில்லை. அதற்குப் பதிலாக ஒருவருடைய கதையைச் சொல்லிவிடுகிறேன். சின்னதுதான். உங்கள் கையில் இருக்கும் காபி ஆறுவதற்குள் முடிந்துவிடும்.

புதுக்கோட்டைப் பக்கம் ஒரு கவிஞர். பள்ளிக்கூடத்தில் தமிழாசிரியர். பெற்றவர்கள் வைத்த பெயர் கருப்பையா. அவரே வைத்துக்கொண்ட பெயர் ஆழிவேந்தன். ஆழி என்றால் கடல். கடலுக்கே அரசர். சரி, அரசர் கடலைப் பார்த்திருக்கிறாரா? பார்த்திருக்கிறார்... ஒரு முறை சென்னைக்குப் போனபோது. சுண்டல் சாப்பிட்டுவிட்டு, வேட்டி நனையாமல் திரும்பிவிட்டார். ஆனால் எழுதியதெல்லாம் கடல்.

அவருடைய மனைவி அழகுமீனாள். அந்த அம்மாவுக்கு ஒரே ஒரு ஏக்கம். கல்யாணத்தன்று மாப்பிள்ளை மேடையேறிக் கடல் கவிதை படித்தார். படித்து முடிப்பதற்குள் பெண்ணைப் பெற்றவர் நாற்காலியிலேயே தூங்கிவிட்டார். அன்றிலிருந்து மருமகனின் கவிதை என்றாலே மாமனாருக்குக் கொட்டாவி. ஒரு தடவையாவது அப்பா விழித்திருந்து கேட்டு, ‘நல்லாருக்கு’ என்று ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். அதுதான் ஏக்கம்.

ஒரு நாள் அவளுடைய அண்ணன் அடைக்கலம் போன் செய்தார்.

“மாப்ள, நம்ம வியாபாரிகள் சங்கத்துல ஆண்டு விழா. நீங்கதான் கவிதை பாடணும். அப்பா முன்வரிசையில உக்காருவாக.”

அழைப்பிதழும் வந்தது. ‘கவிஞர் ஆழிவேந்தன் கடலை பற்றிக் கவிதை பாடுவார்.’

கவிஞர் சிவப்புப் பேனாவை எடுத்தார்.

“மீனா, இங்க பாரு. ஒற்று விட்டுட்டாங்க. கடலைப் பற்றின்னு நடுவுல ப் வரணும்.”

“அது இல்லைங்க, எங்க அண்ணன் சொல்றது...”

“இலக்கணத்துல அண்ணன் தம்பியெல்லாம் கிடையாது.”

போட்டுவிட்டார் ஒரு ப்.

சிலர் சிரிக்கிறீர்கள். புரிந்துவிட்டது. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். ப் போட்டால் அது கடல். போடாவிட்டால்... நிலக்கடலை. மாமனார் என்ன வியாபாரம் செய்கிறார்? கடலை மண்டி. அது கவிஞருக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் பிழையைப் பார்த்த கண்ணுக்கு மாமனார் தெரியவில்லை. “கடலைப் பத்தித்தான் எழுதிக்கிட்டு இருக்கேன்” என்றார். காதுக்கு இரண்டும் ஒன்றுபோலத்தானே கேட்கும்? அழகுமீனாளும் நிம்மதியாகிவிட்டாள்.

விழா நாள். கவிஞர் மேடை ஏறினார். திரும்பிப் பேனரைப் பார்த்தார். அதில் அலை இல்லை, படகு இல்லை... ஓடு பிளந்து இரண்டு பருப்பு. சட்டைப் பையில் இருப்பதோ கடல். நீங்களாக இருந்தால் என்ன செய்வீர்கள்? அவர் சமாளித்துவிடலாம் என்று நினைத்தார்.

“நீலத் திரை விரித்தாய்... நித்தம் அலை எறிந்தாய்...”

பின்வரிசையிலிருந்து ஒரு குரல். “ஏப்பா, கடலையில ஏதுப்பா அலை?”

பக்கத்தில் இருந்தவர் பதில் சொன்னார். “சட்டியில மணலைப் போட்டு வறுத்துப் பாரு. அலையும்.”

மண்டபமே சிரித்தது. முன்வரிசையில் மாமனாருக்குக் கண் சொருக ஆரம்பித்தது. அவருக்குப் பக்கத்தில் அழகுமீனாள் தலையைக் குனிந்துகொண்டாள்.

கவிஞர் அதைப் பார்த்தார். தாளை மடித்துப் பைக்குள் வைத்தார். அவர் வளர்ந்ததும் கடலைக் கொல்லையில்தான். களை எடுத்திருக்கிறார், செடி பிடுங்கியிருக்கிறார். அதைப் பற்றி ஒரு வரி எழுதியதில்லை. கடலையெல்லாம் கவிதையில் வருமா என்று ஓர் எண்ணம். இப்போது மெதுவாகச் சொன்னார்.

“எங்க கொல்லையிலயும் கடலைதான். பூ மேல பூக்கும், மஞ்சளா. பூ வாடினதும் விழுது இறங்கி மண்ணுக்குள்ள போயிரும். காய் இருட்டுலதான் காய்க்கும். எந்தக் கடலைப் பூவும் தன் பிள்ளை முகத்தைப் பார்த்ததில்ல. ஆனாலும் பூக்காம இருந்ததில்ல.”

அவ்வளவுதான். எதுகை இல்லை, மோனை இல்லை. மாமனார் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். எத்தனையோ வருஷமாக மூட்டை மூட்டையாகக் கடலை பார்த்தவர். மகள் பக்கம் சாய்ந்து கேட்டார்.

“நல்லாருக்கு மீனா... இவருக்குக் கவிதை எழுத வரும்னு ஏன் என்கிட்ட சொல்லவே இல்ல?”

சிரியுங்கள், சிரியுங்கள். ஆனால் அந்த மாமனார் உங்கள் முன்வரிசையிலும் உட்கார்ந்திருக்கிறார்.

அப்படியானால் கடலைப் பாடக் கூடாதா? நான் அப்படிச் சொல்லவில்லை. கடல் என்ன பாவம் செய்தது? ஆழிவேந்தன் கடலைப் பாடியது தப்பில்லை. பார்க்காமல் பாடினார்... அதுதான் தப்பு. கடலைச் செடியைக் குனிந்து பார்த்திருந்தார். குனிந்து பார்த்த இடத்தில் அவருக்கென்று ஒரு வரி இருந்தது. நீங்கள் இன்று பாடிய கடல் யார் பார்த்த கடல்? உங்களுக்கு முன்னால் எழுதியவர் பார்த்தது. அவருக்கும் அதை வேறொருவர் கொடுத்தது. இத்தனை கை மாறி வந்த கடலில் உப்பு எங்கே மிஞ்சும்?

இந்த மண்டபத்துக்குப் பின்னால் சவுக்குத் தோப்பு. தோப்பைத் தாண்டினால் கடல். எனக்கு இன்னும் கொஞ்சம் பேச்சு பாக்கி இருக்கிறது. எழுந்து போகிறவர்கள் போகலாம், நான் வருத்தப்பட மாட்டேன். செருப்பை மட்டும் வாசலிலேயே விட்டுவிட்டுப் போங்கள். வெயில் நேரம்... மணல் சுடும். முதல் வரி காலுக்குத்தான் கிடைக்கும்.