கை எட்டாத இடம்

குமணன்சாவடி மருந்துக் கடையில் எனக்கு முன்னால் நின்றவன் கழுத்தில் கம்பெனி அட்டை தொங்கியது. "இந்தப் பரு க்ரீம் இன்னொண்ணு குடுங்கக்கா. பாதி தோசைக்கரண்டியிலயே ஒட்டிக்கிது."

"இன்னாப்பா சொல்ற?" என்றார் கடைக்கார அம்மா.

"முதுகுல பரு வருதுக்கா. கை எட்டல. கரண்டியால தடவுறேன்."

"ஊட்ல யார்னா தடவி உட மாட்டாங்களா?"

"தனியாத்தான் இருக்கேன்."

அவர் ஒரு பாட்டிலை எடுத்து வைத்தார். "இது குளிக்கிற வாஷ். க்ரீம்ல இருக்கிற அதே பென்சாயில் பெராக்சைடு மருந்துதான் இதுலயும். குளிக்கசொல்ல ஈரத் துண்டுல ஊத்தி, ரெண்டு முனையும் புட்ச்சி முதுகுல மெதுவா இழு. அழுத்தித் தேய்க்காத. ரெண்டு நிமிசம் உட்டு நல்லா கழுவிடு. வெள்ளைத் துண்டா வச்சிக்கோ, கலர்னா வெளுத்துடும்."

"தினமுமா?"

"மொதல்ல ஒருநாள் உட்டு ஒருநாள். ரொம்ப எரிஞ்சா நிறுத்திடு. ஆறு வாரத்துல குறையலன்னா டாக்டராண்ட போ."

பாட்டிலைப் பையில் போட்டுக்கொண்டு படியிறங்கியவன் திரும்பினான்.

"குறைஞ்சிருக்கான்னு யாரு பாத்துச் சொல்லுவாங்கக்கா?"

அந்த அம்மா என்னைப் பார்த்தார். நான் என் மருந்துச் சீட்டை நீட்டினேன்.